சர்க்கார் ஏட்டில் நம் பெயர்

வெளிமாநிலங்களில் வாழும் தமிழர்களாகிய நம்மில் பலருக்கு ஒரு காட்சி நினைவிருக்கும். ஊருக்குப் புறப்படும் நாளில் மூட்டை முடிச்சுகளை நடைமேடையில் இறக்கி வைத்துவிட்டு, ரயில் பெட்டியின் வாயிலருகே ஒட்டியிருக்கும் பட்டியலில் நம் பெயரைத் தேடுவோம். மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு மேலிருந்து கீழாக விரலை நகர்த்திக்கொண்டே போவோம். பெயர் அகப்படும். ஆனால் அது நம் பெயர்தானா என்று ஒரு கணம் ஐயம் தோன்றும். முன்னால் நிற்க வேண்டிய தலைப்பெழுத்து பின்னால் போயிருக்கும். நடுவில் ஓர் எழுத்து குறைந்திருக்கும். 'சுப்பிரமணியம்' என்று கொடுத்த பெயர் 'சுப்ரமணியன்' என்று முடிந்திருக்கும். ஆயினும் இருக்கை எண் சரியாக இருக்கும். சீட்டுப் பரிசோதகர் நம்மையும் சீட்டையும் ஒரு தடவை பார்த்துவிட்டுத் தலையை அசைப்பார். நாமும் ஊர் போய்ச் சேருவோம்.

பெட்டிகளில் பட்டியல் ஒட்டும் அந்த வழக்கம் 2018ஆம் ஆண்டில் பெரிய நிலையங்களில் நிறுத்தப்பட்டுவிட்டது. பரிசோதகரின் கையில் இப்போது ஒரு சிறு கருவி இருக்கிறது. இதைக் குறையாகச் சொல்ல வரவில்லை. ஏட்டில் ஒரு மனிதர் எழுதி, அதை இன்னொரு மனிதர் படித்த காலத்தில், எழுத்துப் பிழை மன்னிக்கப்பட்டது. இன்று ஒரு பொறி எழுதியதை இன்னொரு பொறி படிக்கிறது. மன்னிப்பு என்பதை அதற்கு யாரேனும் கற்றுக் கொடுத்தால்தான் உண்டு. சர்க்கார் காரியாலயங்களில் நடந்திருக்கும் இந்தப் பெரிய மாறுதலில், தமிழ்ப் பெயருக்கு என்ன நேர்ந்திருக்கிறது என்பதையே இங்கே விளக்க விரும்புகிறோம். மொழிபெயர்ப்பையே பிழைப்பாகக் கொண்ட நமக்கு இது அன்றாடம் எதிர்ப்படும் விஷயம்.

பெயருக்குப் பதிலாக எண்ணை வைத்துக் காரியம் நடத்தலாம் என்ற எண்ணம் நம் தேசத்தில் கணிப்பொறிக்கு முந்தியது. 1972ஆம் ஆண்டு ஆகஸ்டு 15ஆம் தேதி ஆறு இலக்கத் தபால் குறியீட்டு எண் நடைமுறைக்கு வந்தது. ஒரே பெயரில் பல ஊர்கள். ஒரே ஊருக்குப் பலவித எழுத்துக்கூட்டல்கள். விலாசம் எழுதுவோர் ஒரு லிபியில் எழுத, பிரிப்பவர் வேறு லிபி மட்டுமே அறிந்தவராக இருப்பார். இந்தச் சிக்கலை அறுக்க வழி கண்டவர் மத்திய தகவல் தொடர்பு அமைச்சகத்தில் உயர் பதவியில் இருந்த ஸ்ரீராம் பிகாஜி வேலங்கர் என்பவர். அவர் வடமொழியில் கவிதைகளும் நாடகங்களும் இயற்றிய புலவர் என்பது பலருக்குத் தெரியாது. சொற்களிலேயே தோய்ந்த ஒருவர்தாம், சொல்லை விட்டு எண்ணைப் பிடித்தார்! தமிழ்நாடு, கேரளம், புதுச்சேரி, லட்சத்தீவு ஆகியவற்றுக்கு முதல் இலக்கம் 6. அந்த இலக்கத்தைப் பார்த்ததுமே, தமிழில் எழுதிய விலாசமானாலும், கான்பூரில் இருக்கும் பிரிப்பாளர் தென்திசைப் பையில் போட்டுவிடலாம். எண்ணை மொழிபெயர்க்க வேண்டியதில்லை.

அடுத்த பெரிய அடியை ரயில்வே எடுத்து வைத்தது. அதற்கு முன் ஒவ்வொரு வண்டிக்கும் ஒவ்வொரு தேதிக்கும் தனித்தனிப் பதிவேடு இருந்தது. டில்லியிலிருந்து சென்னைக்கு இடம் கேட்டுவிட்டு, திரும்பி வரும் பயணத்துக்கும் இடம் வேண்டுமென்றால் சென்னைக்குத் தந்தி போக வேண்டும். பதில் வரும்வரை காத்திருக்க வேண்டும். 1985ஆம் ஆண்டில் டில்லியில் கணிப்பொறி முன்பதிவு தொடங்கிற்று. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் கல்கத்தா, பம்பாய், சென்னை, செகந்தராபாத் ஆகிய இடங்களிலும் வந்துவிட்டது. ஆனால் ஒவ்வொன்றும் தனித்தனித் தீவாக நின்றது. அவை ஐந்தும் ஒன்றோடொன்று இணைக்கப்பட்டது 1999ஆம் ஆண்டில்தான். அன்றுமுதல் எந்த ஊர்ச் சாளரத்திலும் எந்த ஊருக்குமான சீட்டைப் பெறலாம் என்றாயிற்று. 2002 ஆகஸ்டில் வீட்டிலிருந்தபடியே இணையவழியாகவும் பெற வழி பிறந்தது. பொங்கலுக்கோ, தாய் தந்தையரின் உடல்நலம் கெட்டபோதோ, விடியுமுன்பே போய் வரிசையில் நின்றவர்களுக்கு இதன் அருமையை நாம் சொல்ல வேண்டுவதில்லை.

ரயில்வே ஒரு பெருந்தன்மையைக் காட்டிற்று. பெயர்க் கட்டத்தில் நீங்கள் எப்படி எழுதினாலும், தலைப்பெழுத்தோடு எழுதினாலும், அதை அப்படியே வாங்கிக்கொண்டது. ஏனெனில் அதற்கு உங்கள் பெயர் தேவையில்லை. பத்து இலக்கப் பயணப் பதிவு எண் ஒன்றே போதும். சங்கடம் பிறகுதான் வந்தது. ஒரு துறை இன்னொரு துறையின் ஏட்டைப் பார்த்து "இருவரும் ஒருவரேதானா?" என்று கேட்கத் தொடங்கியபோது வந்தது. 2010 செப்டம்பர் 29ஆம் தேதி மராட்டிய மாநிலத்து நந்துர்பார் மாவட்டத்தில் உள்ள தேம்பலி என்ற சிற்றூரில் முதலாவது ஆதார் எண் வழங்கப்பட்டது. அதன்பின் வங்கி, வருமான வரி, வருங்கால வைப்பு நிதி என்று ஒவ்வொன்றும் அதனோடு பொருத்தப்பட்டன. 2025 ஜூலை முதல், இணையத்தில் தத்கால் சீட்டு எடுப்பவரும் ஆதார்வழி உறுதி செய்யப்பட்டவராக இருக்க வேண்டும். பொருத்தும்போது எண் பொருந்துகிறது, பெயர் பொருந்துவதில்லை.

ஏன் பொருந்துவதில்லை? முதற்காரணம் கட்டங்கள். விண்ணப்பத் தாள்களை வகுத்தவர்கள் மனத்தில் இருந்த மனிதருக்கு ஒரு சொந்தப் பெயரும் ஒரு குடும்பப் பெயரும் உண்டு. சர்மா, பானர்ஜி, பாட்டீல் என்று வழிவழி வரும் பெயர் அது. நம்மிடம் அப்படியொன்று பெரும்பாலும் இல்லை. நமக்கு இருப்பது தந்தையின் பெயரைச் சுட்டும் ஓர் எழுத்து. அதுவும் பெயருக்கு முன்னால் நிற்பது. தலைமுறைக்குத் தலைமுறை மாறுவது. கல்யாணமானதும் பெண்களில் பலர் தந்தையின் எழுத்தை விட்டுக் கணவரின் எழுத்தை ஏற்கிறார்கள். பள்ளிச் சான்றிதழில் 'ஆர்' என்ற எழுத்தோடு இருந்த முத்துலட்சுமி, வாக்காளர் பட்டியலில் 'கே' என்ற எழுத்தோடு இருப்பாள். ஊரில் இதைப் பார்த்து யாரும் வியப்பதில்லை.

இதைவிட வேடிக்கை ஒன்று உண்டு. ஒற்றைப் பெயர் மட்டுமே உடைய ஒருவர் வருமான வரித் துறையின் நிரந்தரக் கணக்கு எண்ணுக்கு எழுதியபோது, நீண்ட காலம் வழங்கிவந்த விண்ணப்பத்தின்படி, அந்தப் பெயரைக் குடும்பப் பெயருக்குரிய கட்டத்தில் எழுத வேண்டும். அவரே கடவுச்சீட்டுக்கு எழுதினால், அதே பெயரைச் சொந்தப் பெயருக்குரிய கட்டத்தில் எழுத வேண்டும். இரு துறைகளும் தலைப்பெழுத்தை ஏற்பதில்லை, விரித்தெழுதச் சொல்கின்றன. விரித்தெழுதினால் தந்தை குடும்பப் பெயராகிவிடுகிறார். அதன்பின் விமான நிலையத்திலும் வங்கியிலும் "மிஸ்டர் கந்தசாமி" என்று அழைப்பார்கள். கந்தசாமியோ ஊரில் திண்ணையில் உட்கார்ந்திருப்பார். திரும்பிப் பார்ப்பவன் மகன். எம்முடைய காரியாலயத்திலேயே இருபது வருஷமாகத் தம் தகப்பனார் பெயரால் அழைக்கப்பட்டு, அதற்குப் பழகிப்போன நண்பர் ஒருவர் உண்டு. தகப்பனார் காலமான பின் அந்த அழைப்பு தமக்கு ஆறுதலாக இருக்கிறது என்று ஒருமுறை சொன்னார்.

இரண்டாவது காரணம் எழுத்துக்கூட்டல். இது நம் தொழிலுக்கு உரியதாகையால் சற்று விரித்துச் சொல்ல அனுமதி வேண்டுகிறோம். தமிழில் தகரமும் டகரமும் வெவ்வேறு. இரண்டையும் ஆங்கிலத்தில் வேறுபடுத்திக் காட்டுவதற்காக, நம்மவர் டகரத்துக்கு 'டி' என்ற ஓர் எழுத்தையும், தகரத்துக்கு 'டி', 'எச்' என்ற இரண்டு எழுத்துகளையும் வைத்துக்கொண்டார்கள். லலிதா, கீதா, வசந்தா எல்லாரும் தெற்கே அந்த 'எச்' எழுத்தோடுதான் எழுதுகிறார்கள். வடக்கே வழக்கு வேறு. அங்கே 'எச்' சேர்ந்தால் மூச்சை அழுத்தி ஒலிக்கும் எழுத்துகளில் ஒன்று என்று பொருள். ஆகவே ஆங்கில எழுத்தைப் பார்த்துப் பொறி தானாகவே நாகரி லிபிக்கு மாற்றும்போது, லலிதாவின் மெல்லிய தகரம் மூச்சுத் தகரமாகி விடுகிறது. அதே பொறி 'பார்த்தசாரதி' என்ற பெயரைச் சரியாகவே எழுதும். அந்தப் பெயருக்கு வடமொழியில் உண்மையாகவே இரண்டு மூச்சுத் தகரங்கள் உண்டு. பொறியின் ஞானத்தால் வந்ததன்று அந்தச் சரி, தற்செயலால் வந்தது.

ழகரத்தின் பாடு இதிலும் பெரிது. 'இசட்', 'எச்' என்ற இரண்டு எழுத்துகளைச் சேர்த்து அதைக் குறிப்பது ஒரு வழக்கு. 'எல்' என்ற எழுத்தால் குறிப்பது மற்றொரு வழக்கு. கனிமொழி, யாழினி என்று பெயரிட்டால் முதல் வழக்கு. பழனியப்பன் என்றால் இரண்டாம் வழக்கு. ஒரே குடும்பத்தில் தந்தையின் ழகரம் ஒரு விதமாகவும் மகளின் ழகரம் வேறு விதமாகவும் இருக்கும். மராட்டிய மாநிலத்தில் அந்த 'இசட்', 'எச்' ஜகர வரிசை எழுத்தாகப் படிக்கப்பட்டு, கனிமொழி 'கனிமோஜி' ஆகிறாள். நாகரி லிபியில் ழகரத்துக்கு இடமே இல்லையோ என்றால், அதுவும் இல்லை. ளகரத்தின் கீழே புள்ளியிட்டு எழுதும் ஓர் எழுத்து தமிழ், மலையாள ழகரத்துக்கென்றே உண்டு. எல்லாக் கணிப்பொறிகளும் ஏற்றுள்ள ஒருங்குறி அட்டவணையிலும் அதற்கு இருக்கை ஒதுக்கப்பட்டிருக்கிறது. அதைப் பயன்படுத்துவார் அரியர். ஹிந்தியில் நம் மொழியின் பெயரே லகரத்தில்தான் முடிகிறது.

இதெல்லாம் புலவர்களின் பொழுதுபோக்கு என்று நேயர்கள் கருதக்கூடும். நாமும் அப்படித்தான் கருதியிருந்தோம், சில ஆண்டுகளுக்கு முன்பு ஒரு விதவைப் பெண்மணி எம் வீட்டு வாசலில் வந்து நிற்கும்வரை.

அவருடைய கணவர் தென்மாவட்டத்துக்காரர். வட இந்திய நகரமொன்றில் ஓர் ஆலையில் முப்பது வருஷம் பிட்டராக இருந்து, வேலையில் இருக்கும்போதே காலமானவர். அவர் பெயரின் நடுவே ஒரு ழகரம் இருந்தது. ஆலையின் ஏட்டில் அது 'எல்' எழுத்தால் எழுதப்பட்டிருந்தது. வங்கிப் புத்தகத்தில் 'இசட்', 'எச்' எழுத்துகளால் இருந்தது. ஆதார் அட்டையில் தந்தையின் பெயரும் பின்னால் சேர்ந்திருந்தது. சேமிப்பில் சேர்ந்திருந்த பணம் அவர் மனைவிக்கு உரியது என்பதில் யாருக்கும் ஐயமில்லை. மூன்று தஸ்தாவேஜுகளிலும் உள்ள மூவரும் ஒருவரே என்று காட்டுங்கள் என்றார்கள். ஆதாரமாக அவர் சிறு வயதில் படித்த பள்ளியின் சான்றிதழ் கேட்கப்பட்டது. அது தமிழில் இருந்தது. அதை மொழிபெயர்த்துச் சான்றளிக்கும் வேலை நம்மிடம் வந்தது.

"ஐயா, அவங்க புஸ்தகத்துல எப்படி இருக்கோ அப்படியே போட்டுக் கொடுத்துடுங்க, ஓர் எழுத்துதானே" என்றார் அந்த அம்மாள். ஓர் எழுத்துதான். ஆனால் எந்தப் புஸ்தகத்தில் உள்ளபடி? ஆலை ஏட்டின்படி எழுதினால் வங்கி மறுக்கும். வங்கியின்படி எழுதினால் ஆலைக் கணக்கு மறுக்கும். அதைவிட முக்கியம், விளைவைப் பார்த்து எழுத்தை வளைப்பவன் மொழிபெயர்ப்பாளன் அல்லன். அன்று இரவு வெகுநேரம் அந்தப் பழுப்பேறிய தாளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். முடிவில், நாம் எப்போதும் பின்பற்றும் முறைப்படி ஒரு விதமாக எழுதி, அடியில் ஒரு குறிப்புச் சேர்த்தோம். மூலத்தில் உள்ள இந்தத் தமிழ் எழுத்து ஆங்கிலத்தில் இரு விதமாகவும் எழுதப்படுவது வழக்கம், இரண்டும் ஒரே எழுத்தையே குறிக்கும் என்று எழுதிக் கையொப்பமிட்டோம்.

முதலில் அந்தத் தாள் திரும்பி வந்தது. குறிப்பைப் படித்த குமாஸ்தா நல்ல மனிதர்தாம். ஆனால் தம் திரையில் குறிப்பு எழுதுவதற்குக் கட்டம் இல்லை என்று சொல்லிவிட்டார். அவர் சொன்னது உண்மை. பின்னர் மேலதிகாரி ஒருவர் பார்வைக்கு அது போயிற்று. அவர் சில காலம் கேரளத்தில் பணியாற்றியவர். கோழிக்கோடும் ஆலப்புழையும் அறிந்தவர். 'இசட்', 'எச்' என்ற எழுத்துகளை ஊர்ப் பலகைகளில் பார்த்துப் பழகியவர். ஒருவரே என்னும் பிரமாணப் பத்திரம் ஒன்றை வாங்கி வைத்துக்கொண்டு ஒப்புதல் அளித்தார். பணம் வந்தது, பதினான்கு மாதங்களுக்குப் பிறகு. அதற்குள் மூத்த பிள்ளை கல்லூரியை விட்டுவிட்டு வேலைக்குப் போயிருந்தான்.

அந்த அதிகாரிக்குத் தெரிந்ததைப் பொறிக்கும் தெரிவிக்க முடியாதா? முடியும். பெயரிலுள்ள சொற்களின் வரிசை மாறியிருந்தாலும், ஒரு சொல் விடுபட்டிருந்தாலும், இத்தனை பங்கு ஒத்திருந்தால் போதும் என்று ஒப்பிடும் முறை ஆதார் அமைப்பிலேயே வகுக்கப்பட்டுள்ளது. எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்க வேண்டும் என்ற கடுமையான முறையும் உண்டு. எதைக் கையாள்வது என்பது கேட்கும் துறையைப் பொறுத்தது. பணத்தைக் கொடுக்கும் துறை பிறர் ஏமாற்றிவிடக்கூடாதே என்று கடுமையான முறையை நாடுவது இயல்பே. அதை நாம் குறைகூறோம். ஆனால் அக்கடுமையின் சுமை, குடும்பப் பெயர் வைத்திருப்போரைவிட, இல்லாதோர்மேல் அதிகமாக விழுகிறது என்பதைச் சொல்லாமலிருக்க இயலவில்லை.

பெயரே கேட்காத ஏற்பாடு ஒன்றும் இருக்கிறது. குடும்ப அட்டையை எந்த மாநிலத்திலும் பயன்படுத்தும் திட்டம் 2019 ஆகஸ்டில் இரண்டிரண்டாக நான்கு மாநிலங்களில் தொடங்கி, 2020 அக்டோபரில் தமிழ்நாட்டிலும், கடைசியாக 2022 ஜூனில் அஸ்ஸாமிலும் நடைமுறைக்கு வந்தது. தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் வரும் அட்டைதாரர், சூரத்திலோ புணேயிலோ உள்ள நியாயவிலைக் கடையில் விரலை வைத்துத் தம் பங்குத் தானியத்தைப் பெறலாம். அட்டை எண்ணும் கைரேகையுமே பேசுகின்றன. சிமெண்டிலும் செங்கல்லிலும் உழைத்து ரேகை தேய்ந்த விரல்களைப் பொறி அறிய மறுப்பது உண்டு. அது வேறு துன்பம்.

இனி நம் கையில் உள்ளவற்றைச் சொல்வோம். வீட்டிலுள்ள சான்றிதழ்களையும் அட்டைகளையும் ஒருநாள் மேசைமேல் பரப்பி, பெயரை ஒவ்வோர் எழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள். எந்த எழுத்துக்கூட்டல் சிறந்தது என்ற ஆராய்ச்சி வேண்டாம். எதை மாற்றுவது மிகக் கடினமோ, அதையே மற்றவற்றுக்கு அளவுகோலாகக் கொள்ளுங்கள். பெரும்பாலும் அது பள்ளி இறுதிச் சான்றிதழாக இருக்கும். அதில் தலைப்பெழுத்து மட்டும் இருந்தால், அதை விரித்து எழுதும் முறையை ஒரு தடவை முடிவு செய்து, பிறகு மாற்றாதீர்கள். ஆதாரில் பெயரைத் திருத்திக்கொள்ள ஒருவருக்கு இரு தடவைதான் வாய்ப்பு. அதற்குமேல் தனி அனுமதி வேண்டும். ஆதலால் அவசரப்பட்டு அந்த வாய்ப்பைச் செலவிட வேண்டாம். வருங்கால வைப்பு நிதியில், 2017 அக்டோபர் 1ஆம் தேதிக்குப் பின் ஆதாரைக் கொண்டு பன்னிரண்டு இலக்க எண் பெற்றவர்கள், 2025 ஜனவரி முதல் பெயர்ப் பிழையைத் தாமே இணையத்தில் திருத்திக்கொள்ள இடமளிக்கப்பட்டது. அதற்கு முந்தியவர்கள் வேலை கொடுத்தவர் வழியாகச் செல்ல வேண்டும். ஆகவே ஆலை நடந்துகொண்டிருக்கும்போதே, கையெழுத்திட ஆள் இருக்கும்போதே, செய்துவிடுவது நலம்.

பெரியவர்களின் பெயர்களை ஒட்டுப்போட்டுத்தான் சரிசெய்ய முடியும். இனிப் பிறக்கும் குழந்தைகளின் நிலை அப்படியன்று. ஜனன மரணப் பதிவுச் சட்டத்தில் செய்யப்பட்ட திருத்தம் 2023 அக்டோபர் 1ஆம் தேதி நடைமுறைக்கு வந்தது. அந்தத் தேதி முதல் பிறக்கும் குழந்தைகளுக்கு, பள்ளியில் சேர்வது முதல் கடவுச்சீட்டு வரை, பிறந்த தேதிக்கும் இடத்துக்கும் ஜனனச் சான்றிதழே அத்தாட்சி. வாழ்நாள் முழுவதும் மற்ற ஏடுகள் எல்லாம் இந்தத் தாளைப் பார்த்தே எழுதப்படும்.

பிறப்பை 21 நாட்களுக்குள் பதிவு செய்ய வேண்டும். ஆனால் பெயரை அப்போதே கொடுத்தாக வேண்டும் என்பதில்லை. பன்னிரண்டு மாதத்துக்குள் கட்டணமின்றிப் பெயரைச் சேர்க்கலாம். பிறகும் 15 ஆண்டுவரை தாமதக் கட்டணம் செலுத்திச் சேர்க்க வழியுண்டு. எனவே மருத்துவமனைப் படுக்கையருகே, பிரசவ அயர்வோடு, ஹிந்தியோ குஜராத்தியோ மட்டும் அறிந்த ஊழியரிடம் வாயால் பெயர் சொல்ல வேண்டியதில்லை. அவர் காதில் விழுந்தது சட்டமாகிவிடும். ஊரிலிருந்து தாத்தா பாட்டி வந்து, பெயர் சூட்டி, ழகரம் வேண்டுமா என்றும், 'எச்' எழுத்து வேண்டுமா என்றும், தந்தையின் பெயர் பின்னால் முழுமையாக வர வேண்டுமா என்றும் எல்லாரும் கூடிப் பேசி முடிவு செய்யட்டும். பிறகு அந்தப் பெயரை ஆங்கிலப் பெரிய எழுத்துகளில் ஒரு தாளில் எழுதுங்கள். அந்த மாநிலத்து லிபியில் எப்படி எழுத வேண்டும் என்பதையும், அண்டை வீட்டாரைக் கேட்டு, அதன் அடியில் எழுதுங்கள். அந்தத் தாளைப் பதிவாளரிடம் கொடுத்து, அவர் திரையில் ஏற்றியதை அச்சிடுமுன் ஒரு தடவை காட்டச் சொல்லுங்கள். எம்மிடம் கேட்டு வந்த தகப்பன்மாரிடம் இதையே சொல்லி அனுப்புகிறோம். சென்ற மாதம் வந்த ஓர் இளைஞர் பெண் குழந்தைக்கு 'பூங்குழலி' என்று பெயர் வைத்திருந்தார். இரண்டு விதமாகவும் எழுதிக் காட்டினோம். வெகுநேரம் யோசித்துவிட்டு, மனைவியைக் கேட்டு வருகிறேன் என்று தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனார்.